மூன்று மாடித் தும்மல்

ஒரே ஒரு தும்மலில் மூன்று மாடி ஆஸ்பத்திரியைத் தலைதெறிக்க ஓடவைத்தவன் நான். அதுவும் படுத்துக்கொண்டே.

இதைக் கல்மண்டபத்தில் அப்துல் வஹாப் டீக்கடையில் எட்டு வருஷமாகச் சொல்லிவருகிறேன். எட்டு வருஷமாக ஒருவரும் நம்பவில்லை. அதில் பாதிக் குற்றம் என்னுடையதாக இருக்கலாம். துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவன் நான். எண்பதடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், பேச்சுத்துணைக்கு ஒரு காக்காகூட நிலையாக நிற்காத இடத்தில் உட்கார்ந்திருந்தவன், கீழே இறங்கினால் கொஞ்சம் கூட்டித்தான் பேசுவான். காசிமேட்டில் ஒரு வஞ்சிரம் வாங்கினேன், தலை என் மடியில் இருந்தது, வால் பின்னால் வந்த ஆட்டோவில் இருந்தது என்றேன். எண்ணூரில் ஒரு கொசு என் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு போய், அளவு சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தது என்றேன். கேட்பவர்களுக்கு ஒரு அளவு தெரியட்டும் என்று சொல்வதுதான்.

அப்துல் வஹாப் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்.

"இக்னேஷியஸ் இன்னா சொன்னாலும் பத்தால வகு நைனா. மிச்சம் இன்னா வருதோ அதான் நடந்தது."

சட்டம் கடையைத் தாண்டி ராயபுரம் முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வரும்போதே, "கிரேன்காரரு இருவது பேருன்றாரு, அப்போ ரெண்டு பேரு" என்று என் காதுபட வகுத்துக்கொண்டு போவார்கள்.

அந்தச் சட்டத்தைப் பிசகாமல் கடைப்பிடித்தவன் என் மச்சான் வால்டர். என் மனைவி லூர்துவின் தம்பி. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். யாரையும் நம்பாமல் இருப்பதற்காக அரசாங்கமே கறுப்புக் கோட்டு தைத்துக் கொடுத்த ஆள். கோட்டைக் கழற்றிய பிறகும் வேலையை விடவில்லை.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து என் இடது காதுக்குள் ஒரு சங்கு ஊத ஆரம்பித்தது. என் கணக்கில் கப்பல் சங்கு. வகுத்தால் பிரஷர் குக்கர். சங்கு ஊத ஊத அந்தப் பக்கம் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. லூர்து இடது பக்கம் நின்று திட்டினால் தோத்திரம் சொல்வது போல இருக்கும்.

காது டாக்டர் இரண்டு காதையும் சோதித்துவிட்டு, "ஒரு பக்கம் மட்டும் கேட்காம போறது சரியில்ல. காதுலேர்ந்து மூளைக்குப் போற நரம்புல சின்னதா ஒரு கட்டி இருந்தாலும் இப்படி ஆகும். எம்.ஆர்.ஐ. எடுக்கணும். காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்தாத்தான் சின்னக் கட்டி தப்பிக்காது" என்றார்.

கட்டி என்ற சொல்லைவிட ஊசி என்ற சொல்தான் என்னை உலுக்கியது. அந்த ஊசியை எனக்குத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஈரலில் ஏதோ நிழல் தெரிகிறது என்று இன்னொரு ஆஸ்பத்திரியில் இதே போல ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். லூர்துவிடம் சொன்னால் என் பெயரில் பூசை வைத்து ஊரைக் கூட்டிவிடுவாள் என்று தனியாகப் போனேன். ஊசி போட்டார்கள். ஒரு தும்மல் வந்தது. அடுத்து உடம்பெல்லாம் தடித்தது, தொண்டை அடைத்தது, மூச்சு வரவில்லை. மைக்கில் ஏதோ கத்தினார்கள், எல்லா மாடியிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். மறுநாள் அனுப்பும்போது, "இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, இனி எங்கே ஸ்கேன் எடுத்தாலும் இதைக் காட்டுங்கள்" என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஈரலில் ஒன்றுமில்லை. சீட்டு சட்டைப் பையிலேயே இருந்து, துவைத்ததில் கூழாகிவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். டீக்கடையில் உட்கார்ந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் வாரம் மூன்று மாடியோடு பிஷப்பையும் கூட்டிவந்தேன். மூன்றாம் வாரம் தீயணைப்பு வண்டி வந்தது. உண்மையான மூன்று மாடியை நானே பிஷப்பின் அங்கிக்குள் ஒளித்துவைத்துவிட்டேன்.

காது டாக்டரிடம் மூன்று மாடியைப் பற்றிச் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வால்டர் விரலை மடக்கி வகுத்துக் காட்டினான். டாக்டர் சிரித்துவிட்டு, "ஸ்கேன் எடுக்கிற எடத்துல கேப்பாங்க, அங்க சொல்லுங்க" என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் டீக்கடைப் பக்கம் போகவில்லை. ஊசி வேண்டாம் என்று ஓடிவந்தால் காதுக்குள் கட்டி இருந்தாலும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு ஊசியைப் போட்டுக்கொண்டால் தொண்டை மூடிக்கொள்ளும். இதைச் சொன்னால் நம்புவதற்கு வடசென்னையில் ஒரு ஆள் இல்லை.

ஸ்கேன் எடுக்கும் இடம் திருவொற்றியூர் போகும் சாலையில், ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மாடி கிடையாது. செவ்வாய்க்கிழமை காலையில் துணைக்கு வால்டரை அனுப்பிவைத்தாள் லூர்து. "இவரு பேசுவாரு, நீ எழுது" என்பது அவளுடைய உத்தரவு. என் மூக்குக்கண்ணாடியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டாள் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

இரண்டு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். வால்டருக்குப் படிவத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்து, ரிசர்வேஷன் சார்ட்டை விரிப்பது போல மடியில் விரித்தான்.

"இதயத்துல மிஷின் வச்சுக்கீதா மாமா?"

"இதயமே மிஷின்தான். கோடியக்கரை வரிக்கும் கேக்கும்."

"இல்லை," என்று எழுதினான். "கண்ணுல, உடம்புல இரும்புத்துண்டு எதுனா?"

"நங்கூரச் சங்கிலி ஒண்ணு முதுகுல வுழுந்து..."

"உள்ள கீதா, இல்லியா?"

"இல்ல."

"கிட்னியில கோளாறு?"

"ரெண்டும் ஹார்பர் பம்பு மாதிரி ஓடிகினு கீது."

"இல்லை. முன்ன இந்த ஊசி போட்டு ஒத்துக்காம போயிருக்கா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கீது. எட்டு வருஷம் முன்ன. ஒரு தும்மல் போட்டேன், மூணு மாடியும் ஓடி வந்துது. அதை எழுது."

வால்டர் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தான். "மூணு மாடிய பத்தால வகுத்தா இன்னா வருது? ஒரு மாடியில மூணுல ஒரு பங்குகூட வரல. ஆறு படிக்கட்டு. ஆறு படிக்கட்டு ஓடி வந்துதுன்னு எழுதவா?"

"டேய், இது மெய்யாலுமேடா."

"மெய்யாலுமேன்னு நீ சொல்றதையும் பத்தால வகுக்கணும்." இல்லை என்று எழுதி, கீழே வால்டர் என்று அழகாகக் கையெழுத்தும் போட்டான். டிக்கெட்டில் ஓட்டை போடும் அதே திருப்தி முகத்தில் தெரிந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் பெயர் யசோதரா என்று சட்டையில் குத்திய பெயர் அட்டையில் இருந்தது. வியாசர்பாடிப் பெண் என்று பிறகு தெரிந்தது. முப்பது வயது இருக்கும். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"எடை எவ்ளோ சார்?"

"தொண்ணூத்தஞ்சு."

"ஒம்பதரை," என்றான் கதவருகில் நின்ற வால்டர்.

அவள் எடை மெஷினைக் காலால் என் முன்னே தள்ளினாள். எழுபத்தொன்று காட்டியது. "மருந்து எடைக்குத் தகுந்த மாதிரிதான் போடணும் சார். நீங்க ஆசப்படற எடைக்கு இல்ல," என்றாள். என் ரத்தச் சோதனைக் காகிதத்தை வாங்கி, கிட்னிக்கான எண்ணைத் தானே பார்த்துக் குறித்துக்கொண்டாள். பிறகு வால்டர் நிரப்பிய படிவத்தை எடுத்து, முதல் கேள்வியிலிருந்து மறுபடியும் வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்தாள்.

"அதான் எல்லாம் எழுதிக்கீதே மேடம்," என்றான் வால்டர்.

"எழுதினது நீங்க. படுக்கப் போறது அவரு. ஒரு தடவ பேப்பர்ல, ஒரு தடவ வாயால. அதான் இங்க வழக்கம்."

அந்தக் கேள்வி வந்தது. என் வாய் தானாகவே பிஷப்பை அழைத்துவரக் கிளம்பியது. தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கதவருகில் வால்டர் விரலை மடக்கத் தயாராக நின்றான். இந்தப் பெண்ணும் வகுத்துவிட்டால் நான் தொலைந்தேன் என்று அந்த நிமிஷம் உறைத்தது. பிஷப்பைத் திருப்பி அனுப்பினேன். வண்டியை நிறுத்தினேன். மாடிகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தேன்.

"எட்டு வருஷம் முன்ன ஊசி போட்டாங்கம்மா. தும்மல் வந்துது. உடம்பெல்லாம் தடிச்சுது. மூச்சு வுட முடியல," என்றேன்.

என் வாழ்நாளில் அவ்வளவு சின்னக் கதையை நான் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் வேர்த்துவிட்டது.

"மேடம், அவரு பீலா வுடுறாரு," என்றான் வால்டர். "ராயபுரத்துல யாரை வேணா கேளுங்க. கொசு ஹெல்மெட்டத் தூக்கிகினு போச்சுன்னு சொன்ன ஆளு இவரு."

"இருக்கட்டும் சார்."

"நீங்க இவரை நம்புறீங்களா?"

"நம்பறதுக்கு என்னை இங்க வெக்கல சார். எழுதறதுக்கு வெச்சிருக்காங்க," என்றாள் யசோதரா. இல்லை என்பதை ஒரே கோட்டில் அடித்து, ஆம் என்று எழுதினாள். "அவரு சொல்றது பொய்யா இருந்தா எனக்கு ஒரு அரை நாள் வேஸ்ட்டு. நிஜமா இருந்து நான் எழுதாம வுட்டா, அவருக்கு இன்னா ஆவும்னு யோசிச்சுப் பாருங்க."

வால்டர் யோசித்த மாதிரி தெரியவில்லை. ஆனால் விரலை மடக்கவில்லை.

அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் மெர்லின் வந்தார், படம் பார்த்துச் சொல்லும் டாக்டர். என் நான்கு வரிக் கதையை இன்னொரு முறை சொல்லவைத்தார். முதலில் ஊசி இல்லாமல் படம் எடுத்துப் பார்க்கலாம், அதிலேயே தெளிவாகத் தெரிந்தால் ஊசியே வேண்டாம் என்றார். அரை மணி நேரம் ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் படுத்தேன். மணலியில் இருக்கும் அத்தனை டேங்கர் லாரிகளையும் ஒரு பீப்பாய்க்குள் போட்டு உருட்டினால் எப்படி இருக்கும், அந்தச் சத்தம். இது கூட்டியது இல்லை. எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுவார்கள்.

வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார்: "ஒரு எடம் சந்தேகமா இருக்கு. ஊசி போட்டுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். இந்த ஊசி மருந்துல நாலஞ்சு வகை இருக்கு ஐயா. அன்னைக்கு எதப் போட்டாங்களோ அத மறுபடி போடக் கூடாது. வேற வகை போடலாம், முன்கூட்டியே மாத்திரையும் குடுத்துடலாம். அப்பவும் வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நான் பக்கத்துல இருப்பேன். அந்தப் பழைய ஆஸ்பத்திரியில மருந்து பேரைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. வியாழக்கிழமை வெச்சுக்கலாம்."

வெளியே வந்ததும் வால்டர் ஸ்கூட்டரை உதைத்த வேகத்தைப் பார்த்தால், பழைய ஆஸ்பத்திரியை நோக்கி அவன் போனது எனக்காக இல்லை என்று தெரியும். வித்தவுட் டிக்கெட் ஆசாமி ஒருவனை எட்டு வருஷம் துரத்தி, கடைசிப் பெட்டியில் மடக்கப்போகிறான். வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தான். இடது காதுப் பக்கம் பாடியதால் தப்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் பழைய காகிதங்களைக் காக்கும் ஆள் சுடலைராஜ். மூன்றாவது மாடியில், கூரை தொடும் அலமாரிகளுக்கு நடுவே இருந்தார். தேதி தெரியாது, வருஷம் மட்டும் தெரியும் என்றேன். எங்களை ஒரு முறை பார்த்தார், அலமாரியை ஒரு முறை பார்த்தார், பெருமூச்சு விட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து, தலையெல்லாம் தூசியோடு ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

எனக்குக் கண்ணாடி இல்லை. வால்டர்தான் படித்தான். முதலில் சத்தமாக, போகப் போகக் குரலை இறக்கி. மருந்தின் பெயர் இருந்தது. போட்ட அளவு இருந்தது. மருந்து ஏறிய இரண்டாவது நிமிஷம் தும்மல், உடல் முழுவதும் தடிப்பு, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் இறங்கியது என்று இருந்தது. ஒலிபெருக்கியில் அவசர அழைப்பு. அழைப்புக்கு வந்தவர்கள் பட்டியலில் தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று வரிசையாகப் பெயர்களும் கையெழுத்துகளும்.

பேசாமல் இருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வால்டர் பட்டியலை விரலால் எண்ணினான். மறுபடியும் எண்ணினான். "நீ மூணு மாடின்ன. தரைத்தளத்தையும் சேத்தா இதுல நாலு வருது. கணக்கு ஒதைக்குது மாமா."

"அப்போ நான் கொறச்சி சொல்லிக்கீறேன்."

"நீயாவது, கொறச்சி சொல்றதாவது. அதான் சந்தேகமா கீது." கோப்பை மூடினான். "கடுதாசியில கீறதெல்லாம் நடந்துடுமா? சார்ட்டுல பேரு கீது, சீட்டு நம்பரு கீது. ஆளு வண்டி ஏறினானான்னு யாருக்குத் தெரியும்? முப்பது வருஷம் பாத்துட்டேன்."

"கையெழுத்துகூடப் போட்டுக்கீறாங்க சார்," என்றார் சுடலைராஜ்.

"கையெழுத்து நானும்தான் போடுவேன்," என்றான் வால்டர். அது வரைக்கும் நிஜம்.

வியாழக்கிழமை. சொன்ன நேரத்துக்கு மூன்று முறை மாத்திரையை லூர்து என் வாயில் போட்டு, விழுங்கினேனா என்று திறந்தும் பார்த்திருந்தாள். யசோதரா பழைய மருந்தின் பெயரைக் கோப்பு நகலிலிருந்து வாய்விட்டுப் படித்தாள். இன்றைக்குப் போடப்போகும் சின்னப் புட்டியின் பெயரை டாக்டர் மெர்லின் வாய்விட்டுப் படித்தார். இரண்டும் வேறு என்று இரண்டு பேரும் தலையசைத்த பிறகுதான் புட்டி திறந்தது. அவசர மருந்துகள் வைத்த தள்ளுவண்டியை என் தலைமாட்டுக்கு நகர்த்தினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "ஒரு மாதிரி இருந்தா அமுக்குங்க சார், ஒடனே வெளிய இழுத்துடுவேன்" என்றாள். நான் அதை மாதாவின் கையைப் பிடித்திருப்பது போலப் பிடித்துக்கொண்டேன்.

முழங்கைக்கு மேலே ஏதோ சில்லென்று ஏறியது. எச்சிலை ஒரு முறை விழுங்கிப் பார்த்தேன். இறங்கியது. இரண்டாம் முறை விழுங்கினேன். அதுவும் இறங்கியது. கிரேன் மேலே புயலில் மாட்டியிருக்கிறேன், கம்பி அறுந்து பார்த்திருக்கிறேன். ஆனால் இப்போது கூட்டிச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். ஐநூற்றுச் சொச்சம் எண்ணியபோது சத்தம் நின்று, வெளியே இழுத்தார்கள்.

தடிப்பு இல்லை, இரைப்பு இல்லை. ஆனாலும் கையிலிருந்த ஊசிக்குழாயை எடுக்காமல், அரை மணி நேரம் யசோதரா தன் கண்ணெதிரே இருக்கும் பெஞ்சில் உட்காரவைத்தாள். பக்கத்தில் வால்டர். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வண்டி கிளம்ப இன்னும் எத்தனை நிமிஷம் என்பது போல அதையும் என் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாடா என் கழுத்தையே பாக்கற?"

"சும்மா."

"நடக்காத விஷயத்துக்கு எதுக்குடா கடியாரம்?"

"அக்கா பாக்கச் சொல்லிச்சு. நீ பேசாம குந்து மாமா."

இருபதாவது நிமிஷம் டாக்டர் மெர்லின் வந்தார். "நரம்பு சுத்தமா இருக்கு ஐயா. கட்டி எதுவும் இல்ல. சந்தேகப்பட்ட எடம் வளைஞ்சு போற ரத்தக்குழாய்தான். இத்தன வருஷம் கிரேன் சத்தம் கேட்ட காது, காது டாக்டர் மிஷின் எழுதிக் குடுப்பாரு," என்றார். இரண்டு மருந்தின் பெயரும், எது ஒத்துக்கொள்ளவில்லை, எது ஒத்துக்கொண்டது என்பதும் அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்தார். கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. லூர்து எத்தனை முறை துவைத்தாலும் கூழாகாது.

என் நெஞ்சுக்குள் எட்டு வருஷமாக நின்றிருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. நான் காலை நீட்டி, தலையைச் சுவரில் சாய்த்தேன். ஏ.சி. நேராக என் மூக்கில் அடித்துக்கொண்டிருந்தது.

தும்மல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, தூரத்தில் ஒருவர் கதவைச் சாத்தியது போல.

வால்டரின் கையிலிருந்த கடிகாரம் தரையில் விழுந்து உருண்டது. அவன் எழுந்த வேகத்தில் பெஞ்ச் என்னோடு சேர்ந்து ஒரு அடி நகர்ந்தது. என் சட்டைப் பித்தான்களைப் பிய்த்து நெஞ்சைத் தடவிப் பார்த்தான். "மேடம், மேடம், டாக்டரைக் கூப்புடுங்க. அந்த மைக்கு எங்க கீது? மூணு மாடிக்கும் சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க," என்று அலறினான். பதினோரு பெட்டி வண்டிக்குக் கேட்டிருக்கும்.

யசோதரா ஓடிவரவில்லை, ஆனால் அடுத்த மூச்சில் பக்கத்தில் இருந்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கழுத்து, வயிறு, கை மடிப்பு எல்லாம் பார்த்தாள். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். பிறகு ஏ.சி.யை அணைத்தாள்.

"ஏ.சி. காத்துல வந்த ஜல்பு சார். வேற ஒண்ணுமில்ல. எதுக்கும் இன்னொரு அரை மணி நேரம் இருந்துட்டுப் போங்க," என்றாள் என்னிடம். பிறகு வால்டர் பக்கம் திரும்பினாள். அன்றுதான் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது. "இங்க மாடியே கெடையாது சார். அதுவும் போக, அப்டி ஒண்ணு நடக்கவே இல்லன்னுதானே செவ்வாக்கெழம எழுதிக் குடுத்தீங்க."

வால்டர் கடிகாரத்தைத் தேடவில்லை. என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். எப்போது பிடித்தானோ, என் கை அவன் கைக்குள் இருந்தது.

"நடந்துது மேடம்," என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவையும் சொன்னான். "மெய்யாலுமே நடந்துது."